சாய்ந்த சக்கரம் – 11: ஒரு பெயர், இரண்டு கம்பெனி

2009 ஜூன் 1, திங்கட்கிழமை. காலை எட்டு மணி வாக்கில் நியூயார்க் திவால் நீதிமன்றத்தில் ஒரு மனு பதிவானது. போட்டது ஜெனரல் மோட்டார்ஸ் அல்ல. ‘செவர்லே-சாட்டர்ன் ஆஃப் ஹார்லெம்’ என்ற கார் ஷோரூம்.

மன்ஹாட்டனில் ஜி.எம்.முக்குச் சொந்தமாக இருந்த கடை அது. உலகமே டெட்ராய்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காலையில், முதல் மனு எதற்காக ஒரு ஷோரூமின் பெயரில்?

வக்கீல்களின் கணக்கு. குழுமத்தைச் சேர்ந்த ஒரு சின்ன நிறுவனம் ஓர் ஊரில் திவால் மனு போட்டுவிட்டால், அதன் பின்னாலேயே தாய்க் கம்பெனியும் அதே நீதிமன்றத்துக்குள் நுழைந்துவிடலாம். ஜி.எம்.மின் தலைமையகம் மிச்சிகன் மாநிலத்தில். கம்பெனியாகப் பதிவானது டெலவேரில். பெரிய திவால் வழக்குகளைக் கையாண்டு தேறிய நீதிபதிகளோ நியூயார்க்கில் இருந்தார்கள்.

ஜி.எம்.முக்கு அன்று வேண்டியிருந்தது வேகம். வழக்கு மாதக்கணக்கில் இழுத்தால், கார் வாங்க வருகிறவர் நேராக டொயோட்டா ஷோரூமுக்குப் போய்விடுவார். திவாலான கம்பெனியின் காருக்கு நாளைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா என்ற பயம் யாருக்குத்தான் வராது?

ஷோரூமைத் தொடர்ந்து தாய்க் கம்பெனியின் மனுவும் வந்தது. சொத்து 8,229 கோடி டாலர். கடன் 17,281 கோடி டாலர். உற்பத்தித் தொழிலில் அமெரிக்கா கண்ட ஆகப் பெரிய திவால்.

*

புதிதாகச் சேர்ந்திருக்கும் வாசகர்களுக்காக முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1908இல் ஃபிளின்ட் நகரில் பில்லி டூரன்ட் தொடங்கிய கம்பெனி ஜி.எம். 1931 முதல் 2007 வரை, விடாமல் 77 ஆண்டுகள், உலகிலேயே அதிகக் கார் விற்ற கம்பெனி. பென்ஷனும், ஓய்வுபெற்றவர்களின் மருத்துவச் செலவும் ஒரு பக்கம் அழுத்த, எட்டு பிராண்டுகளைக் கட்டி மேய்க்கும் சுமை மறுபக்கம் அழுத்த, உள்ளுக்குள் உளுத்துக்கொண்டே வந்தது. 2008இல் பெட்ரோல் விலையும் நிதி நெருக்கடியும் சேர்ந்து அடித்த அடியில் கையிருப்பு கரைந்தது.

நவம்பரில் அதன் தலைவர் ரிக் வாகனர் தனி விமானத்தில் வாஷிங்டன் போய் அரசிடம் உதவி கேட்டு, எம்.பி.க்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். டிசம்பரில் புஷ் அரசு 1,340 கோடி டாலர் கடன் தந்தது. போதவில்லை. 2009 மார்ச் கடைசியில் ஒபாமாவின் வாகனத் தொழில் குழு வாகனரை விலகச் சொன்னது. ஃபிரிட்ஸ் ஹென்டர்சன் அந்த நாற்காலிக்கு வந்தார். மீண்டு எழத் திட்டம் கொண்டுவர 60 நாள் கெடு. அந்தக் கெடு முடிந்த நாள்தான் ஜூன் 1.

*

திவால் என்றால் கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுப்பது என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்கச் சட்டத்தின் சாப்டர் 11 அப்படியல்ல. தொழில் நடந்துகொண்டே இருக்கும். கடன் கொடுத்தவர்கள் கதவைத் தட்ட முடியாது. கம்பெனி மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு மீட்புத் திட்டம் போடும். அந்தத் திட்டத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் ஓட்டுப் போட வேண்டும். பேரம், சண்டை, மறுபேரம். ஆண்டுகள்கூட ஆகலாம்.

ஒபாமாவின் குழுவுக்கு அத்தனை பொறுமை இல்லை, பணமும் இல்லை. குழுவை நடத்தியவர் ஸ்டீவன் ராட்னர், பத்திரிகை நிருபராக இருந்து வால் ஸ்ட்ரீட் முதலீட்டாளர் ஆனவர். கூடவே ரான் பிளூம், எஃகுத் தொழிலாளர் சங்கத்துக்கு ஆலோசகராக இருந்தவர். ஜி.எம். விவகாரத்தைக் குடைந்து பார்த்தவர் ஹாரி வில்சன், நிதி உலகத்து ஆள். கார் கம்பெனி நடத்திய அனுபவம் இவர்களில் யாருக்கும் கிடையாது. ஆனால் திவால் சட்டத்தின் 363ஆம் பிரிவு அவர்கள் கண்ணில் பட்டிருந்தது.

அந்தப் பிரிவு சொல்வது இதுதான்: திவாலான கம்பெனி, நீதிமன்ற அனுமதியோடு தன் சொத்துகளை விற்கலாம். வாங்குகிறவருக்குச் சொத்து மட்டும் போகும். பழைய கடன் பின்னால் போகாது. வழக்கமாக ஒரு கட்டடத்தையோ, நஷ்டத்தில் ஓடும் ஒரு கிளையையோ விற்கப் பயன்படும் வழி. ராட்னர் குழு அதை வைத்து ஜி.எம்.மையே விற்றுவிடத் தீர்மானித்தது.

யாருக்கு? அரசே உண்டாக்கிய ஒரு புதிய கம்பெனிக்கு. விலை? அரசு ஏற்கெனவே ஜி.எம்.முக்குக் கொடுத்திருந்த கடனைப் பெரும்பகுதி தள்ளுபடி செய்வதுதான் முக்கியமான விலை. கூடவே புதிய கம்பெனியின் பங்குகளில் கொஞ்சம்.

நம் ஊர்ப் பாகப்பிரிவினையில் நிலத்தைப் பிரிக்கும்போது கடனையும் சேர்த்துப் பிரிப்பார்கள். இங்கே நடந்தது வேறு. நிலமும் வீடும் குடும்பப் பெயரும் ஒரு தம்பிக்கு. கடன் பத்திரங்கள் மொத்தமும் இன்னொரு தம்பிக்கு. இரண்டாவது தம்பி செத்துப்போவான் என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரியும்.

ஒத்திகை ஏற்கெனவே நடந்திருந்தது. ஏப்ரல் 30 அன்று திவாலான கிறைஸ்லரை இதே வழியில் ஃபியட்டின் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். இண்டியானா மாநிலத்துப் பென்ஷன் நிதிகள் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தன, நடக்கவில்லை. ஜூன் 10 அன்று கிறைஸ்லர் கை மாறியது. ஜி.எம். வக்கீல்களுக்கு அதைவிடப் பெரிய தைரியம் வேறென்ன வேண்டும்?

*

மன்ஹாட்டனின் தெற்கு முனையில், பௌலிங் கிரீன் சதுக்கத்தில், ஒரு பழைய சுங்க மாளிகை இருக்கிறது. ஒரு காலத்தில் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கிய சரக்குக்கெல்லாம் தீர்வை வசூலித்த இடம். வாசலில் நான்கு கண்டங்களைக் குறிக்கும் நான்கு பெரிய சிலைகள். இப்போது அதே கட்டடத்தில் அமெரிக்கப் பூர்வகுடிகளின் அருங்காட்சியகமும் இருக்கிறது, திவால் நீதிமன்றமும் இருக்கிறது. இந்தக் கூட்டணியைத் திட்டமிட்டவர்களுக்குக் குசும்பு இருந்ததா என்று தெரியவில்லை.

ஜூன் 30 அன்று அங்கே நீதிபதி ராபர்ட் கெர்பர் முன்னிலையில் விசாரணை தொடங்கியது. விற்பனைக்கு எதிராக எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் வந்திருந்தன.

யார் யார்? ஜி.எம்.மின் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருந்தவர்கள். மொத்தம் 2,700 கோடி டாலர் பத்திரங்கள். அதில் பெரிய நிதி நிறுவனங்களும் உண்டு; ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்ட சாதாரண மனிதர்களும் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நோயாளியானவர்கள். ஒஹாயோவின் மொரெய்ன் ஆலைத் தொழிலாளிகளைப் போல, யு.ஏ.டபிள்யூ. என்ற வாகனத் தொழிலாளர் சங்கத்தில் இல்லாமல் வேறு சங்கத்தில் இருந்ததால் மருத்துவச் சலுகையை இழக்கவிருந்தவர்கள். ஜி.எம். கார் விபத்தில் கை கால் போய், இழப்பீட்டு வழக்குப் போட்டிருந்தவர்கள்.

அவர்களுடைய வாதம் எளிமையானது. இது விற்பனை அல்ல. எங்களை ஓட்டுப் போட விடாமல், விற்பனை என்ற பெயரில் நடத்தும் மீட்புத் திட்டம். யாருக்கு எவ்வளவு என்பதை வாஷிங்டனில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு, இங்கே முத்திரை மட்டும் குத்தச் சொல்கிறீர்கள்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. புதிய கம்பெனியின் பங்குகள் எப்படிப் பிரியும் என்பது முன்பே முடிவாகியிருந்தது. அமெரிக்க அரசுக்கு 60.8 சதவீதம். ஓய்வுபெற்ற யு.ஏ.டபிள்யூ. தொழிலாளர்களின் மருத்துவ அறக்கட்டளைக்கு 17.5 சதவீதம். கனடா, ஒன்டாரியோ அரசுகளுக்கு 11.7 சதவீதம். பழைய கம்பெனிக்கு, அதாவது பத்திரக்காரர்கள் உள்ளிட்ட பழைய கடன்காரர்கள் பிரித்துக்கொள்ள, 10 சதவீதம்.

மருத்துவ அறக்கட்டளைக்கு ஜி.எம். தர வேண்டியிருந்தது சுமார் 2,000 கோடி டாலர். பத்திரக்காரர்களுக்கு 2,700 கோடி. அதிகம் கொடுத்தவனுக்குக் குறைவு, குறைவாகக் கொடுத்தவனுக்கு அதிகமா என்று அவர்கள் கொதித்தார்கள். ராட்னர் தரப்பின் பதில் கொஞ்சம் கறாரானது: கார் செய்யத் தொழிலாளி வேண்டும், பத்திரக்காரர் தேவையில்லை. தர்மம் என்று பார்த்தால் இது உறுத்தும். வியாபாரம் என்று பார்த்தால் மறுக்க முடியாது.

மூன்று நாள் விசாரணை. ஹென்டர்சன் சாட்சி சொன்னார். ஹாரி வில்சன் சாட்சி சொன்னார். எல்லாச் சாட்சியங்களுக்கும் மேலே ஒரு தேதி தொங்கிக்கொண்டிருந்தது: ஜூலை 10. அதற்குள் விற்பனைக்கு அனுமதி வராவிட்டால் அரசு பணம் தருவதை நிறுத்திவிடும்.

நீதிபதி கேட்டுப் பார்த்தார்: வாங்க வேறு யாராவது இருக்கிறார்களா? யாரும் இல்லை. 2009இல் ஜி.எம்.மை வாங்க உலகத்தில் எந்த வங்கி கடன் கொடுக்கும்?

ஜூலை 5, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறை இன்னும் முடியவில்லை. கெர்பரின் தீர்ப்பு வெளியானது. விற்பனைக்கு அனுமதி. மாற்று வழி கம்பெனியை உடைத்துத் துண்டு துண்டாக விற்பதுதான். அப்படி விற்றால் இப்போது ஆட்சேபிக்கிறவர்களுக்கு ஒரு காசும் தேறாது என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். மேல்முறையீட்டுக்குப் போகிறவர்களுக்காக ஜூலை 9 நண்பகல் வரை உத்தரவை நிறுத்திவைத்தார். நண்பகல் கடந்தது. யாராலும் தடுக்க முடியவில்லை.

ஜூலை 10, வெள்ளிக்கிழமை காலை, விற்பனை முடிந்தது. மனு போட்டு நாற்பதாவது நாள்.

*

அந்தக் காலையில் ஓர் அதிசயம் நடந்தது. ‘ஜெனரல் மோட்டார்ஸ்’ என்ற பெயரும் விற்கப்பட்ட சொத்துகளில் ஒன்று. எனவே புதிய கம்பெனி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. நூறு ஆண்டு கண்ட பழைய கம்பெனிக்கு ‘மோட்டார்ஸ் லிக்விடேஷன் கம்பெனி’ என்று பெயர் மாறிற்று.

பெயர் மாறியும் பங்குச் சந்தையில் சிலருக்குப் புரியவில்லை. பழைய கம்பெனியின் பங்கு ஒரு டாலருக்கும் கீழே கிடைத்துக்கொண்டிருந்தது. ஜி.எம். மீண்டுவிட்டது, இப்போது வாங்கினால் லாபம் என்று நினைத்து வாங்கினார்கள். அந்தப் பங்குக்கு எந்த மதிப்பும் இருக்கப்போவதில்லை என்று ஜி.எம்.மே எச்சரிக்க வேண்டி வந்தது. சந்தை அதிகாரிகள் வியாபாரத்தை நிறுத்தி, குறியீட்டை மாற்றினார்கள்.

புதிய வீட்டுக்குப் போனவை: செவர்லே, கேடிலாக், பியூக், ஜி.எம்.சி. நல்ல ஆலைகள், சீனக் கூட்டு நிறுவனம், யு.ஏ.டபிள்யூ.வோடு புதுப்பித்த ஒப்பந்தம்.

பழைய வீட்டில் கிடந்தவை: மூடிய ஆலைகள், எண்ணெயும் ரசாயனமும் ஊறிய மண், பத்திரக் கடன், நிலுவையில் இருந்த வழக்குகள். இரண்டாம் உலகப் போரில் பி-24 குண்டுவீச்சு விமானங்கள் வரிசையாக வெளிவந்த வில்லோ ரன் ஆலையும் இந்தப் பட்டியலில் உண்டு. ஃபிளின்ட் நகரத்து ‘பியூக் சிட்டி’ உண்டு. நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் இருந்த மசீனா வார்ப்பாலை உண்டு. பி.சி.பி. என்ற நச்சு ரசாயனம் கலந்த அதன் நிலத்துக்கு அடுத்த எல்லையில் மோஹாக் பூர்வகுடிகளின் குடியிருப்பு.

இவற்றை யார் சுத்தம் செய்வது? 2011 மார்ச் 31 அன்று இதற்கென ஓர் அறக்கட்டளை பிறந்தது. 14 மாநிலங்களில் 89 இடங்கள் அதன் கைக்கு வந்தன. சுத்தம் செய்து, புதிதாக யாருக்காவது விற்று, அந்த ஊர்களுக்குக் கொஞ்சம் வேலை கொண்டுவர வேண்டும் என்பது அதற்கு இட்ட பணி. புதிய ஜி.எம்.மின் கணக்குப் புத்தகத்தில் இதெல்லாம் ஒரு வரியும் இல்லை. பின்னால் அதற்கு லாபம் சீக்கிரமே வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பதைப் பலர் சொல்வதே இல்லை.

*

பிராண்டுகளின் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பான்டியாக்கை மூடுவதாக ஏப்ரலிலேயே அறிவித்தாகிவிட்டது. சாட்டர்னை வாங்க வந்த ரோஜர் பென்ஸ்கி, கார் செய்துதர ஒரு கம்பெனி கிடைக்காமல் செப்டம்பரில் பின்வாங்கினார். ஹம்மரை வாங்க வந்த சீனத்து டெங்ஜோங் கம்பெனிக்குச் சீன அரசின் சம்மதம் கிடைக்கவில்லை. சாப் மட்டும் நெதர்லாந்தின் ஸ்பைக்கருக்குக் கை மாறி, 2011இல் அங்கே திவாலானது.

டீலர்கள் கதை வேறு. ஆறாயிரத்துச் சொச்சம் டீலர்களில் சுமார் 40 சதவீதத்தைக் கழித்துவிட ஜி.எம். முடிவு செய்து, 2009 மே மாதம் சுமார் 1,100 பேருக்குக் கடிதம் அனுப்பியது. அமெரிக்கச் சிறு நகரங்களில் கார் டீலர் என்றால் ஊர்ப் பெரிய மனிதர். பள்ளி விளையாட்டு அணிக்குச் சட்டை வாங்கித் தருகிறவர், தேர்தலில் நன்கொடை தருகிறவர். எம்.பி.க்களின் போன் ஓயாமல் அடித்தது. டிசம்பரில் நாடாளுமன்றம் அவர்களுக்கு நடுவரிடம் முறையிடும் உரிமையைச் சட்டமாக்கியது. அடுத்த மார்ச்சில் 661 டீலர்களைத் திரும்ப வரச் சொன்னது ஜி.எம். கடன் பத்திரக்காரர்களுக்கு இப்படி ஒரு சட்டம் வரவில்லை. அவர்கள் எந்த ஊரிலும் பெரிய மனிதர்கள் இல்லை.

*

இப்போது ஜெர்மனிக்குப் போவோம்.

ரூசெல்ஸ்ஹைம் நகரத்து ஓப்பல் 1929 முதல் ஜி.எம். கையில். பல ஆண்டுகளாக நஷ்டம். திவாலுக்கு முன்பே அதை விற்றுவிடப் பேச்சு நடந்தது. கனடாவின் மேக்னாவும் ரஷ்யாவின் ஸ்பெர்பேங்கும் சேர்ந்து வாங்க முன்வந்தன. செப்டம்பரில் ஜெர்மனியில் தேர்தல். அதிபர் ஆங்கெலா மெர்க்கெல் மேக்னா பக்கம் உறுதியாக நின்றார். ஓப்பல் நிற்காமல் ஓட 150 கோடி யூரோ இடைக்காலக் கடனும் ஏற்பாடு செய்திருந்தார். செப்டம்பர் 10 அன்று ஜி.எம். இயக்குநர் குழு மேக்னாவுக்கே என்று அறிவித்தது. மெர்க்கெல் தேர்தலில் வென்றார்.

ஆனால் ஜி.எம். இயக்குநர் குழு மாறியிருந்தது. புதிய சேர்மன் எட் விட்டேகர், டெக்ஸஸ்காரர். ஏ.டி. அண்டு டி. தொலைபேசி கம்பெனியைக் கட்டியெழுப்பியவர். கார்களைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று பதவியேற்கும் முன்பே பத்திரிகையிடம் சொன்னவர். தெரியாதவர்தான் சரியான கேள்வியைக் கேட்டார்: ஓப்பலை விற்றால் நடுத்தரக் கார்களை யார் வடிவமைப்பார்கள்?

அங்கேதான் முடிச்சு. ரூசெல்ஸ்ஹைம் பொறியாளர்கள் உருவாக்கிய ஓப்பல் இன்சிக்னியாதான் பியூக் ரீகல் ஆகவிருந்தது. செவர்லே குரூஸின் அடித்தளத்திலும் அவர்கள் கை இருந்தது. அதையெல்லாம் ரஷ்யர்களின் கையில் கொடுத்துவிட்டு டெட்ராய்ட் என்ன செய்யும்?

2009 நவம்பர் 3. வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் முன் நின்று உரையாற்றினார் மெர்க்கெல். பெர்லின் சுவர் விழுந்த இருபதாம் ஆண்டு. எழுந்து நின்று கை தட்டினார்கள். அன்று மாலை டெட்ராய்ட்டில் கூடிய ஜி.எம். இயக்குநர் குழு, ஓப்பலை விற்பதில்லை என்று அறிவித்தது. மெர்க்கெல் ஊர் திரும்பப் புறப்படும் நேரத்தில்தான் அவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது.

ஜெர்மனியில் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜி.எம்.மின் 60.8 சதவீதப் பங்குகளை வைத்திருந்த அமெரிக்க அரசு, இது கம்பெனியின் முடிவு, எங்கள் முடிவல்ல என்றது. ஜி.எம். ஜெர்மனியின் கடனைத் திருப்பிக் கட்டியது. விற்காமல் வைத்துக்கொண்ட ஓப்பலால் லாபம் வந்ததா என்றால் வரவில்லை. 2017இல் பிரான்சின் பி.எஸ்.ஏ. கம்பெனிக்கு விற்றுத்தான் கை கழுவினார்கள். ஆனால் அந்த நவம்பர் மாலை ஒன்றைக் காட்டியது: முதலாளி அரசாங்கமாக இருந்தாலும், நாற்காலியில் இருப்பது விட்டேகர்.

நான்கு வாரம் கழித்து, டிசம்பர் 1 அன்று, ஹென்டர்சனும் விலகினார். விட்டேகரே தலைமை நிர்வாகியும் ஆனார்.

*

2010 ஏப்ரல் 21. கன்சாஸ் சிட்டியின் ஃபேர்ஃபாக்ஸ் ஆலையில் நின்று விட்டேகர் அறிவித்தார்: அரசின் கடனை வட்டியோடு முழுவதும் அடைத்துவிட்டோம், கெடுவுக்கு ஐந்து ஆண்டு முன்னதாகவே. அவரே நடித்த விளம்பரமும் டி.வி.யில் ஓடியது.

சொன்னது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

அமெரிக்க அரசு ஜி.எம்.மில் போட்ட மொத்தப் பணம் 4,950 கோடி டாலர். அதில் ‘கடன்’ என்ற தலைப்பில் மிஞ்சியிருந்தது 670 கோடி மட்டுமே. மற்றதெல்லாம் திவாலின்போது பங்காக மாறிவிட்டது. அடைத்தது அந்த 670 கோடியை. அதற்கும் பணம் எங்கிருந்து வந்தது? கார் விற்ற லாபத்திலிருந்து அல்ல. திவால் முடிந்தபோது அரசு ஒரு தனிக் கணக்கில் போட்டு வைத்திருந்த பணத்திலிருந்து. அரசின் வலது பையிலிருந்து எடுத்து இடது பைக்கு மாற்றினார்கள்.

ஐயோவா செனட்டர் சார்லஸ் கிராஸ்லி இதைப் பிடித்துக்கொண்டு நிதியமைச்சகத்துக்குக் காட்டமாகக் கடிதம் எழுதினார். விளம்பரம் சீக்கிரமே நின்றது. அந்தப் பணம் தேவைப்படாத அளவுக்குக் கம்பெனி தேறிவிட்டது என்பதும் உண்மைதான். அதைச் சொல்லியிருந்தாலே போதும். ஆனால் ‘கவர்மென்ட் மோட்டார்ஸ்’ என்று தெருவெல்லாம் கேலி பேசிய நேரம். விட்டேகருக்கு அவசரம்.

லாபம் வரத்தான் செய்தது. 2010இல் 470 கோடி டாலர். 2004க்குப் பிறகு லாபம் கண்ட முதல் முழு ஆண்டு. அதே ஆண்டு சீனாவில் விற்ற ஜி.எம். கார்கள், அமெரிக்காவில் விற்றவற்றைத் தாண்டின. பியூக் பிழைத்ததே சீனர்களால்தான். அமெரிக்காவில் தாத்தாக்களின் கார் என்று பெயரெடுத்த பியூக், ஷாங்காயில் அந்தஸ்தின் அடையாளம். (நம் சாலைகளில் ஓடிய டவேராவுக்கும் பீட்டுக்கும் ஜி.எம்.மின் சீனக் கூட்டாளியோடு ஒரு தொடர்பு உண்டு. 2017இல் ஜி.எம். இந்தியச் சந்தையை விட்டு ஓடிய கதையைச் சொல்லும்போது அதற்கு வருகிறேன்.)

2010 நவம்பர் 18 அன்று புதிய ஜி.எம். பங்குச் சந்தைக்கு வந்தது. பங்கு 33 டாலர். அப்போது தலைமை நிர்வாகி டான் அக்கர்சன். அரசின் பங்கு 60.8லிருந்து சுமார் மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. போட்ட பணம் முழுவதும் திரும்ப வேண்டுமானால் மீதிப் பங்குகளை ஐம்பது டாலருக்கு மேல் விற்க வேண்டும். அந்த விலை வரவே இல்லை. 2013 டிசம்பர் 9 அன்று கடைசிப் பங்கையும் விற்றுவிட்டு அரசு வெளியேறியபோது, ஆயிரம் கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

தொழிலாளிகள் கொடுத்த விலைக்கு ஒரே ஓர் உதாரணம். மிச்சிகனின் ஓரியன் ஆலையில் சின்னக் கார் செய்ய ஜி.எம். முடிவு செய்தது. அமெரிக்காவில் சின்னக் கார் செய்து லாபம் பார்க்கக் கூலி குறைய வேண்டும். ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இரண்டு அடுக்குக் கூலி இருந்தது: பழைய ஆளுக்கு மணிக்குச் சுமார் 28 டாலர், புதிதாகச் சேர்பவருக்குச் சுமார் 14. ஓரியனில் 40 சதவீதம் பேர் கீழடுக்கில் என்று 2010 அக்டோபரில் சங்கமே ஒத்துக்கொண்டது. ஆண்டுக்கணக்கில் மேலடுக்குக் கூலி வாங்கியவர்களும் கீழே இறங்க நேர்ந்தது. தொழிலாளிகள் பதாகை பிடித்துப் போய் நின்றது ஜி.எம். வாசலில் அல்ல, தங்கள் சங்கத் தலைமையகத்தின் வாசலில்.

இந்த மீட்பு வீண் என்று நான் சொல்லவில்லை. ஜி.எம். சரிந்திருந்தால் அதற்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனிகளும் சரிந்து, தங்களையும் இழுத்துக்கொண்டு போகும் என்று பயந்து, போட்டிக் கம்பெனியான ஃபோர்டே அரசு உதவிக்கு ஆதரவாகப் பேசியது. ஆனால் மீண்டது கம்பெனி. அதன் பழைய கணக்கு மீளவில்லை. அதை வேறு பெயரில் புதைத்தார்கள்.

*

புதைத்தது அப்படியே கிடந்ததா?

2014 ஜனவரி 15 அன்று மேரி பாரா தலைமை நிர்வாகி ஆனார். பெரிய கார் கம்பெனி ஒன்றின் முதல் பெண் தலைவர். அரசு வெளியேறிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கடைசியில் ஜி.எம். தன் காலில் நிற்கிறது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன.

பிப்ரவரியில் ஒரு ரீகால் அறிவிப்பு வந்தது. செவர்லே கோபால்ட் உள்ளிட்ட சின்னக் கார்கள். சாவி போடும் இக்னிஷன் சுவிட்சில் கோளாறு. சாவிக் கொத்து கொஞ்சம் கனமாக இருந்தாலோ, கார் ஒரு குழியில் இறங்கி ஏறினாலோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி தானாகத் திரும்பிவிடும். இன்ஜின் நின்றுவிடும். ஸ்டீயரிங் இறுகிவிடும். அடுத்த நொடி மோதினால் ஏர்பேக் விரியாது.

ரீகால் சில வாரங்களில் 26 லட்சம் கார்களாக வளர்ந்தது. எல்லாம் திவாலுக்கு முன் வடிவமைத்தவை. அந்தச் சுவிட்சை 2006இலேயே சத்தமில்லாமல் மாற்றியிருந்தார்கள், பாகத்தின் எண்ணை மாற்றாமலே. அப்படியென்றால் 2009 ஜூலையில், அந்தச் சுங்க மாளிகையில் விற்பனை உத்தரவு கையெழுத்தானபோது, ஜி.எம்.முக்குள் யாருக்கோ இது தெரிந்திருக்கிறது. நீதிமன்றத்துக்குச் சொல்லவில்லை. அந்தக் கார்களை ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் சொல்லவில்லை.

விபத்துப் பொறுப்பில் அன்றைய ஒப்பந்தம் ஒரு கோடு போட்டிருந்தது. மாநிலங்களின் வற்புறுத்தலால், விற்பனைக்குப் பிறகு நடக்கும் விபத்துகளுக்குப் புதிய கம்பெனி பொறுப்பேற்றது. அதற்கு முந்தியவை, நல்ல சொத்தெல்லாம் கை மாறிப்போன பழைய கம்பெனியின் தலையில். தாங்கள் ஓட்டுவது கோளாறான கார் என்றே தெரியாதவர்கள், 2009இல் எப்படி வந்து ஆட்சேபித்திருக்க முடியும்?

வழக்குகள் குவிந்தன. 2014 ஏப்ரல் 21 அன்று ஜி.எம்.மின் வக்கீல்கள் நியூயார்க்கில் ஒரு மனு போட்டார்கள்: 2009 ஜூலை 5 உத்தரவை அமல்படுத்துங்கள், பழைய பாவங்கள் எங்களைச் சேராது.

மனு போய்ச் சேர்ந்தது, அந்த உத்தரவைப் போட்ட அதே ராபர்ட் கெர்பரிடம். தான் அன்று வாக்களித்த பாதுகாப்பை அவர் காப்பாற்றுவாரா, அல்லது தன்னிடம் ஒரு விஷயம் மறைக்கப்பட்டது என்று சொல்லி அதைத் திரும்பப் பெறுவாரா?

அடுத்த வாரம் பார்ப்போம்.